பொருந்துவதெல்லாம் பொருத்தமன்று

நுழையும்முன்

வீட்டில் இணைய இணைப்பு நின்றுவிட்டால், ரவுட்டர் எனப்படும் திசைவியையே பலரும் குறை கூறுவர். பல வேளைகளில் குறை திசைவியில் இருப்பதில்லை. அதற்கு மின்சாரம் ஊட்டும் அடாப்டர் என்னும் சிறு பெட்டியில் இருக்கிறது. அப்பெட்டியைத் தீங்கின்றி மாற்றும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

1. ஏழு மணி அழைப்பு

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. தந்தையின் சொந்த ஊர் திருநெல்வேலிக்கு அருகில் இருந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளும் ஆறாம் வகுப்பில் படிக்கும் மகனும் நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு ஊரிலுள்ள ஆச்சியுடன் காணொலியில் பேசுவர். ஆச்சி ஒரு பழமொழியைச் சொல்வார். பிள்ளைகள் அதன் பொருளைக் கூற வேண்டும். வீட்டுக்கு வெளியே இந்தியே கேட்கும் அப்பிள்ளைகளுக்கு அந்தக் கால் மணி நேரமே தமிழ் வகுப்பாக இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை ஆறரை மணிக்குத் திசைவியின் விளக்குகள் அனைத்தும் அணைந்தன. மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது, ஆகவே மின்தடை இல்லை. தம்பி பரணிலிருந்த பழைய கம்பிப் பெட்டியைக் கிளறி ஓர் அடாப்டரை எடுத்து வந்தான்.

"அக்கா, இதன் முனை அப்படியே பொருந்துகிறது. செருகிவிட்டால் ஏழு மணிக்குள் ஆச்சியிடம் பேசிவிடலாம்" என்றான்.

"பொறு தம்பி. இதில் எழுதியிருப்பதை முதலில் படிப்போம்" என்றாள் அக்கா.

பழுதான அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிடப்பட்டிருந்தது. தம்பி கொண்டுவந்ததிலோ 24 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தது. அது பழைய குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிக்கு உரியது. இரண்டின் முனைகளும் ஒன்றுபோலவே தோன்றின.

அடுக்களையிலிருந்து வந்த அம்மா இரண்டையும் வாங்கிப் பார்த்தார். பின்னர்த் தரையை நோக்கினார். கூலரிலிருந்து கசிந்த நீர், மின்பலகைக்கு அருகே தேங்கி நின்றது.

"பொருந்துவது வேறு, பொருத்தம் வேறு. இருவரும் அந்த ஈரத்தைவிட்டு விலகி நில்லுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்றார்.

அன்று அம்மா தடுத்த தீங்குகள் இரண்டு. ஒன்று, திசைவி பழுதாவது. மற்றொன்று, ஈரத்தரையில் நின்ற பிள்ளைகளின் உயிருக்கே நேரக்கூடிய இடர்.

2. சிறு பெட்டியின் பணி

இந்திய வீடுகளின் சுவரில் கிடைக்கும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடைய மாறுதிசை மின்னோட்டம் ஆகும். அது ஒரு வினாடிக்கு 50 சுற்று என்னும் அளவில் திசை மாறி மாறிப் பாய்கிறது. திசைவியின் உள்ளே இருக்கும் நுண்சில்லுகளுக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லை; திசை மாறுவதையும் அவை தாங்கா. குறைந்த அழுத்தமுடைய நேர்த்திசை மின்னோட்டமே அவற்றுக்கு உகந்தது. வீட்டுத் திசைவிகள் பலவற்றுக்கு 12 வோல்ட் போதும். சிலவற்றுக்கு 9 அல்லது 5 வோல்ட் வேண்டும்.

சுவர் மின்சாரத்தைத் திசைவிக்கு ஏற்றதாக மாற்றுவது அடாப்டரின் பணி. இக்கால அடாப்டர் அப்பணியை மூன்று படிகளில் செய்கிறது. முதலில், மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசையாக்கி மின்தேக்கி ஒன்றில் சேர்க்கிறது. அடுத்து, அதனை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்தி, சிறிய மின்மாற்றி ஒன்றின் வழியாக அழுத்தத்தைக் குறைக்கிறது. இறுதியில், குறைந்த அழுத்தத்தைச் சீராக்கித் திசைவிக்கு அனுப்புகிறது. இவ்வாறு மிக விரைவாக விட்டுவிட்டுச் செலுத்துவதால் மின்மாற்றி சிறிதாக இருந்தாலே போதும். இரும்பு உள்ளகம் கொண்ட பழைய அடாப்டர்கள் கனமாக இருந்ததற்கும், இன்றையவை இலேசாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

3. அடாப்டர் ஏன் பழுதடைகிறது?

அடாப்டரின் முதற்பகை வெப்பம். உள்ளே உள்ள மின்தேக்கிகளில் ஒருவகைத் திரவம் இருக்கிறது. வெப்பத்தால் அது மெல்ல மெல்ல உலர்ந்துபோகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்போதெல்லாம் இத்தகைய மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. கோடையில் தில்லியின் வெயில் 45 பாகையைத் தொடுவதுண்டு. அந்நாளில் அடாப்டரைத் திரைச்சீலைக்குப் பின்னாலோ, தொலைக்காட்சிப் பெட்டியின் மேலோ, துணிக்கு அடியிலோ வைத்தால் அதன் ஆயுள் மேலும் குறையும். மின்னழுத்தம் திடீரென ஏறி இறங்குவதும் அதற்குத் தீங்கு செய்யும்.

பழுதின் அறிகுறிகளைக் கவனித்தால் எளிதில் அறியலாம். திசைவி தானாக அணைந்து அணைந்து எரிதல், அடாப்டர் கைபொறுக்காத அளவுக்குச் சுடுதல், கருகிய வாடை வீசுதல், உறை உப்புதல் அல்லது உருகுதல் ஆகியவை அவ்வறிகுறிகள்.

எனினும், மாற்றுவதற்கு முன் நோயை அறிதல் வேண்டும். திசைவியில் ஒரு விளக்கும் எரியாவிட்டால், அந்த மின்பலகையில் மின்சாரம் வருகிறதா என்று வேறொரு விளக்கைக் கொண்டு பெரியவர் ஒருவர் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தும் திசைவி எரியாவிட்டால் அடாப்டரை ஐயுறலாம். மற்ற விளக்குகள் எரிந்து, இணைப்பு அறுந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கும் எரிந்தால், பழுது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் கண்ணாடியிழைக் கம்பியில் இருக்கும். அப்போது அடாப்டரை மாற்றுவதால் பயனில்லை.

4. நான்கு பொருத்தங்கள்

ஒவ்வோர் அடாப்டரின் மீதும் சிறிய எழுத்துகளில் விவரங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் உள்ளீடு என்பது சுவரிலிருந்து பெறுவதைக் குறிக்கும். வெளியீடு என்பது திசைவிக்குத் தருவதைக் குறிக்கும். வெளியீட்டு வரியில் நான்கு பொருத்தங்களைப் பார்க்க வேண்டும்.

முதற்பொருத்தம், மின்னோட்டத்தின் வகை. நெளிகோடு (~) மாறுதிசை மின்னோட்டத்தைக் குறிக்கும். நேர்கோடும் அதன்கீழ் விட்டுவிட்டு வரும் சிறு கோடுகளும் (⎓) நேர்த்திசை மின்னோட்டத்தைக் குறிக்கும். திசைவி கேட்கும் வகையையே அடாப்டரும் தர வேண்டும்.

இரண்டாம் பொருத்தம், மின்னழுத்தம். இது வோல்ட் என்னும் அலகால் அளக்கப்படும். திசைவி 12 வோல்ட் கேட்டால் அடாப்டரும் 12 வோல்ட்டே தர வேண்டும். மிகுந்தால் நுண்சில்லுகள் கருகக்கூடும். குறைந்தால் திசைவி இயங்காது, அல்லது அடிக்கடி நின்றுவிடும்.

மூன்றாம் பொருத்தம், மின்னோட்டத்தின் அளவு. இது ஆம்பியரால் அளக்கப்படும். அடாப்டரில் உள்ள எண், திசைவி கேட்கும் எண்ணுக்குச் சமமாகவோ அதனினும் மிகுதியாகவோ இருக்கலாம். குறைவாக இருக்கக் கூடாது. திசைவி தனக்கு வேண்டிய அளவை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆகவே 1 ஆம்பியர் கேட்கும் திசைவிக்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் தீங்கு செய்யாது. 12 வோல்ட், அரை ஆம்பியர் அடாப்டரோ தாங்க முடியாத சுமையால் சூடேறிப் பழுதாகும்.

இதனை மாடியிலுள்ள நீர்த்தொட்டியோடு ஒப்பிடலாம். தொட்டியின் உயரம் மின்னழுத்தம் போன்றது. உயரம் மிகுந்தால் நீர் வேகமாகப் பாய்ந்து குழாயை உடைத்துவிடக்கூடும். தொட்டியின் கொள்ளளவு ஆம்பியர் போன்றது. தொட்டி பெரிதாக இருப்பதனால் வீட்டிலுள்ளோர் தேவைக்கு மேல் நீர் குடிப்பதில்லை.

நான்காம் பொருத்தம், முனைகளின் அமைப்பு. அடாப்டரின் உருளை முனையில் உள்பகுதி, வெளிப்பகுதி என இரண்டு பகுதிகள் உண்டு. எது நேர்முனை, எது எதிர்முனை என்பதைச் சிறிய வட்டப் படம் ஒன்று + , − குறிகளால் காட்டும். திசைவியில் உள்ள படமும் அடாப்டரில் உள்ள படமும் ஒன்றாக இருக்க வேண்டும். முனையின் அளவையும் நோக்க வேண்டும். வெளி விட்டம் 5.5 மி.மீ. உடைய முனைகளில் உள்துளை 2.1 மி.மீ., 2.5 மி.மீ. என இருவகை உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இவற்றோடு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அடாப்டரில் உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும். இத்தகைய அடாப்டர்களுக்கு இப்பதிவு கட்டாயம் ஆகும். நேரு பிளேசிலோ, செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத் ராய் சந்தையிலோ மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக முத்திரை இல்லாததை வாங்குதல் நன்றன்று.

5. மாற்றும் முறை

அடாப்டரை மாற்றும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பின்வரும் வரிசையை மாற்றாமல் பின்பற்ற வேண்டும்.

1. கையும் தரையும் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். மின்பலகையின் அருகே நீர் தேங்கியிருந்தால், பெரியவர் முதலில் உலர்ந்த இடத்தில் நின்று வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு, பின்னரே நீரைத் துடைக்க வேண்டும்.
2. அடாப்டர் செருகப்பட்டுள்ள சுவிட்சை அணைக்க வேண்டும்.
3. அடாப்டரின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது.
4. பிறகு திசைவியிலிருந்து உருளை முனையைக் கழற்ற வேண்டும்.
5. பழைய அடாப்டர், புதிய அடாப்டர், திசைவியின் அடிப்பகுதி ஆகிய மூன்றிலும் உள்ள விவரங்களை ஒப்பிட வேண்டும்.
6. உருளை முனையை முதலில் திசைவியில் செருக வேண்டும். அதன்பின் அடாப்டரைச் சுவரில் செருக வேண்டும். சுவிட்சை இறுதியிலேயே போட வேண்டும்.
7. சில நிமிடங்கள் உடனிருந்து கவனிக்க வேண்டும். இளஞ்சூடு இயல்பானது. வாடையோ, பொறியோ, மிகுந்த சூடோ தோன்றினால் உடனே அணைக்க வேண்டும்.

எவரேனும் மின்தாக்குக்கு ஆளானால், அவரைத் தொடக் கூடாது. முதலில் முதன்மைச் சுவிட்சை அணைக்க வேண்டும். மின்சாரத்தால் தீப்பற்றினால் நீரை ஊற்றக் கூடாது. பெரியவர்களை அழைப்பதோடு 112 என்னும் அவசர உதவி எண்ணையும் அழைக்க வேண்டும்.

6. திறக்கக் கூடாத பெட்டி

மின்சாரத்தை நிறுத்திவிட்டால் அடாப்டரைத் திறந்து பார்க்கலாம் என்று சிலர் எண்ணுவர். இது பெருந்தவறு. 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தின் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட். அடாப்டரின் முதல் மின்தேக்கியில் அவ்வளவு அழுத்தம் சேர்ந்திருக்கும். சுவரிலிருந்து கழற்றிய பின்னும் அது சிறிது நேரம் அங்கேயே தங்கக்கூடும். வெளியேற்றும் பகுதி பழுதாகியிருந்தால் நெடுநேரமும் தங்கலாம். எனவே பழுதான அடாப்டரைத் திறந்து சீராக்க முயலாமல், முழுதாக மாற்றிவிடுவதே முறை.

7. நில்லாமல் இயங்கும் பெருந்திசைவிகள்

வீட்டுத் திசைவியை ஐந்து நிமிடம் நிறுத்தினால் இழப்பு சிறிது. வங்கி, மருத்துவமனை, தொடர்வண்டி முன்பதிவு ஆகியவற்றைத் தாங்கும் பெருந்திசைவிகளை அவ்வாறு நிறுத்த இயலாது. ஆகவே அவற்றுள் இரண்டு மின்வழங்கிகள் அமைக்கப்படுகின்றன. அவை வெவ்வேறு மின்வழிகளோடு இணைக்கப்படும். ஒன்று நின்றாலும் மற்றொன்று முழுச் சுமையையும் ஏற்கும்.

இதன் தேவையைத் தில்லி மக்கள் ஒருமுறை நேரில் உணர்ந்தனர். 2012 ஜூலை 30 அன்று அதிகாலையில் வட இந்திய மின்தொகுப்பு செயலிழந்தது. மறுநாள் நண்பகலில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று தொகுப்புகளும் செயலிழந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. தில்லி மெட்ரோ இரயில்கள் நின்றன. இத்தகைய வேளையில் மின்கலங்களும் டீசல் மின்னாக்கிகளும் இருக்கும் இடங்களிலேயே திசைவிகள் தொடர்ந்து இயங்க முடியும்.

பெருந்திசைவியின் மின்வழங்கியை, திசைவி இயங்கும்போதே மாற்றலாம். ஆனால் அதற்கும் ஒரு வரிசை உண்டு. பொறியாளர், நலமாக உள்ள மின்வழங்கியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்ப்பார். மணிக்கட்டில் புவி இணைப்புப் பட்டை அணிந்துகொள்வார். தில்லிக் குளிரில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி எழுமே, அந்த நிலைமின்னே நுண்சில்லுகளைக் கெடுக்கப் போதுமானது. பின்னர், பழுதானதன் சுவிட்சை அணைத்து, கம்பியை நீக்கி, திருகைத் தளர்த்தி, அதனை வெளியே இழுப்பார். அதே வகையைச் சேர்ந்த புதியதைச் செருகி, திருகை இறுக்கி, இறுதியில் மின்சாரம் தருவார். ஒரே நேரத்தில் இரண்டையும் கழற்ற மாட்டார்.

வரிசை தவறினால் என்ன நேரும் என்பதற்கு 2017 மே 27 அன்று இலண்டனில் நிகழ்ந்தது சான்றாகும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் தரவு மையத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பின்னர் ஒழுங்கின்றி மீண்டும் செலுத்தப்பட்டதால் கருவிகள் சேதமுற்றன என்று அதன் தலைமை விளக்கியது. ஏறத்தாழ 75,000 பயணிகள் தவித்தனர். மின்சாரம் நின்றதைவிட, முறையின்றித் திரும்பி வந்ததே பெருந்தீங்கு செய்தது.

8. பழையது எங்கே செல்கிறது?

பழுதான அடாப்டரைக் குப்பையில் எறிவது எளிது. ஆனால் அது எங்கோ ஒருவரின் கைக்குச் செல்கிறது. வடகிழக்குத் தில்லியின் சீலம்பூரில் பழைய மின்னணுப் பொருள்கள் பெருமளவில் பிரிக்கப்படுகின்றன. கம்பியிலுள்ள செம்புக்காக மேலுறையை எரிக்கும்போது நச்சுப்புகை எழுகிறது. அதனை அங்கு உழைப்போர் நாள்தோறும் சுவாசிக்கின்றனர். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியாகவே கையாள வேண்டும் என்கின்றன. ஆகவே அதற்குரிய சேகரிப்பு இடங்களில் சேர்ப்பதே குடிமக்கள் கடமை.

9. ஆச்சியின் பழமொழி

அன்று மாலை அம்மாவின் கைப்பேசியில் பிள்ளைகள் ஆச்சியிடம் பேசினர். முகம் தெரியவில்லை; குரல் மட்டும் கேட்டது. தம்பி நடந்ததைக் கூறினான். ஆச்சி சிரித்துவிட்டு, "இன்றைய பழமொழி 'பதறாத காரியம் சிதறாது.' இதற்குப் பொருள் என்ன?" என்று கேட்டார்.

மறுநாள் தந்தை 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை வாங்கி வந்தார். தம்பி நான்கு பொருத்தங்களையும் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தான். அக்கா சரிபார்த்தாள். அம்மா தரையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தந்தை சுவிட்சைப் போட்டதும் திசைவியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

ஏழு மணிக்குத் திரையில் ஆச்சியின் முகம் தோன்றியது. "ஆச்சி, நேற்றைய பழமொழிக்கு இப்போது பொருள் சொல்லட்டுமா?" என்றான் தம்பி.

சொற்பொருள்

திசைவி – ரவுட்டர். இணையச் செய்திகளை உரிய வழியில் செலுத்தும் கருவி
பரண் – பொருள்கள் வைப்பதற்காகச் சுவரின் மேற்பகுதியில் அமைந்த இடம்
அடுக்களை – சமையலறை
மின்தேக்கி – மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்பு
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
மலிவு – குறைந்த விலை
இடர் – துன்பம், ஆபத்து

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. இந்திய வீடுகளில் கிடைக்கும் மின்னழுத்தம் ______ வோல்ட்.
2. மின்னோட்டத்தின் அளவு ______ என்னும் அலகால் அளக்கப்படும்.
3. புதிய அடாப்டரைப் பொருத்தும்போது ______ இறுதியில் போட வேண்டும்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பழைய அடாப்டர்கள் ஏன் கனமாக இருந்தன?
2. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அடாப்டரைத் திறக்கக் கூடாது. ஏன்?
3. பெருந்திசைவிகளில் இரண்டு மின்வழங்கிகள் இருப்பதன் பயன் யாது?

இ. சிந்தித்து விடை கூறுக.
ஒரு திசைவிக்கு 12 வோல்ட், 1.5 ஆம்பியர் நேர்த்திசை மின்னோட்டம் தேவை. வீட்டில் மூன்று அடாப்டர்கள் உள்ளன: (க) 12 வோல்ட், 1 ஆம்பியர், (ங) 12 வோல்ட், 2 ஆம்பியர், (ச) 9 வோல்ட், 2 ஆம்பியர். முனைகளின் அமைப்பு மூன்றிலும் ஒன்றே. எதனைத் தேர்ந்தெடுப்பாய்? மற்ற இரண்டையும் ஏன் விலக்குவாய்?

ஈ. மொழிப்பயிற்சி
'செருகிவிட்டால் பேசலாம்' என்பதில் 'செருகிவிட்டால்' என்னும் சொல் ஒரு நிபந்தனையை உணர்த்துகிறது. பாடத்திலிருந்து இத்தகைய சொற்கள் ஐந்தினை எடுத்து எழுதுக. அவற்றுள் இரண்டைக் கொண்டு சொந்தத் தொடர்கள் அமைக்க.

உ. செயல்பாடு
உன் வீட்டுத் திசைவியின் அடாப்டரைக் கழற்றாமல், பெரியவர் ஒருவர் உடனிருக்க, அதன்மீது எழுதியிருப்பதைப் படித்து நான்கு பொருத்தங்களையும் பட்டியலிடுக. 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழியின் பொருளை வீட்டிலுள்ள பெரியவரிடம் கேட்டறிந்து, உன் வாழ்வில் நடந்த நிகழ்ச்சி ஒன்றோடு இணைத்து எட்டு வரிகளில் எழுதுக.